காதைத் தொடவில்லை

பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். தாடை உடைந்த மனைவியை அரும்பாவூரிலிருந்து கூட்டிவந்தார் ஒருவர். நெற்றியில் கலையாத திருநீறு. அவள் வாயில் எச்சில் வழியும்போதெல்லாம் தன் துண்டாலேயே துடைத்துவிடுவார்.

"மாடு முட்டிடுச்சுங்க" என்றார். அவளால் பேச முடியவில்லை.

அவள் காதிலும் ரத்தம் வழிவதைப் பார்த்த டாக்டர், "காதுல யாருய்யா அடிச்சது?" என்றார்.

அவர் பதறிப்போனார். "சாமி சத்தியமா காதைத் தொடலைங்க சார். தாடையில ஒண்ணு விட்டேன், அவ்வளவுதான்."

டாக்டர் அவரை முறைத்தார். "தாடையில விட்டாலே எலும்பு பின்னால போயி காதைக் கிழிச்சிடும்."

"பாத்தீங்களாம்மா, நான் சொன்னது நெசந்தானே?" என்று என்னிடம் திரும்பினார். பழி நீங்கிய நிம்மதி அந்த முகத்தில். மறுபடி துண்டை எடுத்து, நோகாமல், அவள் வாயைத் துடைத்தார்.