மறைத்த மாத்திரையும் ஆறாத புண்ணும்

முதுகில் போட்ட தையல் வழியாகச் சீழ் வடிந்தபோது, இனி எழுந்து நடக்கவே மாட்டேன் என்று நினைத்துவிட்டேன், சகோதர சகோதரிகளே.

2006, மழைக்காலம். நான் நெல்லித்தோப்பில் இருப்பவள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. முதுகெலும்புத் தட்டு நழுவி இடது கால் மரத்துப்போனதால் ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ வைத்தார்கள். பத்தாம் நாள் காய்ச்சல். கட்டு நனைந்திருந்தது.

டாக்டரம்மா பிரித்துப் பார்த்தார். “சர்க்கரை இல்ல, புகையிலை இல்ல. அப்புறம் ஏன் ஆறல? வேற ஏதாவது மாத்திரை சாப்ட்டீங்களாம்மா?”

“இல்லீங்க” என்றேன்.

பொய். மூட்டு வலிக்கு இரண்டு வருடமாக ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிட்டு வந்தேன். பெயர் எழுதாத பொட்டலம். ஆஸ்பத்திரியிலும் என் தலையணைக்கு அடியில் இருந்தது. நான் வலியில் அழுவதைத் தாங்காமல், என் கணவர் சேவியர்தான் சைக்கிளில் போய் யாரிடமோ வாங்கி வருவார். உண்மையைச் சொன்னால் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டுவார்களே!

அன்று மாலை ஒருக்களித்துப் படுத்தபடியே அழுதேன். “மாதாவே, சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் மனமும் நோகக் கூடாது. நீயே வழி காட்டு.” வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்ததும், நான் வாய் திறக்கும் முன்பே, கணவர் தலையணைக்கு அடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

“நான்தாங்க வாங்கியாந்து குடுத்தேன். அவ மேல தப்பில்ல.”

டாக்டரம்மா திட்டவில்லை. “இதுல ஸ்டீராய்டு இருக்கும் போல. அது இருந்தா புண்ணு சீக்கிரம் ஆறாது, கிருமியும் ஏறும். நல்லவேளை சொன்னீங்க. திடீர்னு நிறுத்தவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்” என்றார்.

அவர் போனதும் கணவரைக் கேட்டேன்: “எப்படிங்க சொன்னீங்க?”

“நேத்து சாயந்திரம் மாதா கோயில்ல முட்டி போட்டேன். ஜெபமே வர்ல. இந்தப் பொட்டலந்தான் கண்ணுல நின்னுச்சு. நீ இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?”

முப்பது வருட வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

புண்ணைத் திறந்து கழுவினார்கள். ஆறு வாரம் ஊசி மருந்து. தினமும் வேலைக்குப் போகுமுன் கணவர் வந்து எனக்குத் தலை வாரிவிடுவார். வகிடு கோணலாக இருக்கும். ஸ்க்ரூவை எடுக்க வேண்டி வரவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு அவர் தோளைப் பிடித்து நடந்தே போனேன். மாதாவுக்கு நன்றி!

இப்போது தெருவில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், முதல் ஆளாகப் போய் என் கதையைச் சொல்கிறேன். உங்களுக்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று இருக்கலாம். அந்தத் தாயிடம் அழுது சொல்லுங்கள். பிறகு தயங்காமல் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.