ஒற்றைச் செருப்பு

சேவுகம்பட்டியைத் தாண்டி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருக்கிறேன். பின்சீட்டில் என் நாலு வயது மகள். ஒரு மொபெட் விடாமல் ஹார்ன் அடித்தபடி எங்களைத் துரத்துகிறது. ஒதுங்கி வழிவிட்டாலும் முந்தவில்லை. பெண் ஓட்டினால் இவர்களுக்கு விளையாட்டாகிவிடுகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுகிறேன்.

"ஏத்தா, நிப்பாட்டு! பிள்ள தூங்குது!"

மெல்ல பிரேக் பிடித்து ஒரு கையைப் பின்னால் நீட்டுகிறேன். இடுப்பைக் கட்டியிருந்த கைகளைக் காணோம். மகள் ஒரு பக்கமாகச் சரிந்துகிடக்கிறாள். நிறுத்தி, இழுத்து அணைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது.

மொபெட்டில் மல்லிகைப்பூ மூட்டை. ஓட்டி வந்தவர் கையில் மகளின் ரோஸ் கலர் செருப்பு.

"மொதல்ல செருப்பு விழுந்துச்சு. அடுத்து பிள்ளதான்னு வெரட்டிட்டு வாரேன், நீ என்னமோ பறக்குற! துப்பட்டாவ எடுத்து இடுப்போட சேத்துக் கட்டு தாயி."

நான் முடிச்சுப் போடும்வரை அவளைச் சாயாமல் பிடித்துக்கொள்கிறார். அவள் விழிக்கவே இல்லை.

கிளம்புகிறேன். அவளுடைய சூடான மூச்சு முதுகில் படுகிறது. கண்ணாடியில் பூமூட்டை தெரிகிறது. மார்க்கெட்டுக்கு நேரமாகியிருக்கும். இப்போதும் அவர் முந்தவில்லை.