புகை மணத்த ராணி உடை

நேற்று கொழும்பில் ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி ஒன்று பக்கத்தில் வந்து நின்றதும், ஷீட்டுகளில் ஏறியிருந்த புகை மணத்தோடு, யட்டியாந்தோட்டைக்கு மேலே நாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டத்திலிருந்த புகைக்கூடம் நினைவுக்கு வந்தது. இன்று அங்கே சிமெந்துத் தரை மட்டும்தான் மிச்சம். ஷீட்டுகள் காய்வதற்கு அப்பாதான் அங்கே விறகு போடுவார். நெருப்பு நின்று எரியும் நேரங்களில் பக்கத்து அறையில் தையல் மெஷினை மிதித்து, காமன் கூத்துக்கு ரதியின் பாவாடையும் மன்மதனின் சட்டையும் தைத்து, பழைய தேயிலைப் பெட்டிகளின் வெள்ளித்தாளைப் பூப்பூவாக வெட்டி, ரப்பர் பாலால் துணியில் ஒட்டிக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டு வயதில், டவுன் பள்ளிக்கூடத்து இசை நாடகத்தில் நான் ராணி. என் உடையையும் அப்பாதான் தைத்தார். ஒத்திகையன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். நான் போட்டுக்கொண்டதும், புகை நாற்றம் என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். டீச்சரோ உடையில் ஒட்டியிருந்த வெள்ளித்தாள் பூக்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு! யாரு தச்சது?"

"கடையில வாடகைக்கு எடுத்தது டீச்சர்," என்றேன்.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க டீச்சர், வாடகைக்கு எடுத்ததுதாங்க. நான் சும்மா கொண்டாந்து குடுத்தேன்."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோர இடத்தை எனக்குத் தந்துவிட்டு, "பசிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார். என் பொய்க்கு அப்பா ஆமாம் போட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.