தூர் வாரிய கிணறு

தோல் பதனிடும் ஆலையின் கழிவால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதற்கு அம்மா வழக்குப் போட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பு வந்தபோது ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றைக் கெடுத்ததும் தோல்தான், சோறு போட்டதும் தோல்தான். அதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். அந்தக் கிணறு இல்லையென்றால் எங்கள் நிலம் வெறும் தரிசு.

முதலில் பக்கத்து ஊர் கோர்ட். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு பாட்டிலில் செந்நிறத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அம்மா பஸ் ஏறுவாள். யாரும் அதை வாங்கிப் பார்த்ததில்லை. அப்புறம் புதுச் சட்டம் வந்தது, இதற்கென்றே சென்னையில் தீர்ப்பாயமும் வந்தது. தேசத்துக்குச் சட்டம் வளர்ந்துகொண்டே இருந்தது, அம்மாவுக்கு முட்டி தேய்ந்துகொண்டே இருந்தது. அங்கே பாட்டிலைப் பார்த்தார்கள். ஆனால் நாமே பிடித்துவந்த தண்ணீர் சாட்சியாகாதாம். அதிகாரிகளே நேரில் வந்து எடுத்து சீல் வைக்க வேண்டுமாம். நியாயமான விதிதான், குறை சொல்ல மாட்டேன்.

ஐப்பசி மழை முடிந்ததும் வருவதாகக் கடிதம் வந்தது.

“பெரிய ஆபீசருங்க வர்றாங்க. கெணறு இப்பிடி நாறிக்கினு கெடந்தா இன்னா நெனைப்பாங்க?” என்றாள் அம்மா.

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் வாசல் கழுவுகிற குடும்பம் நாங்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. லீவு போட்டேன். இரண்டு ஆள் வைத்து, மோட்டார் போட்டு இறைத்து, வருஷக்கணக்காக அடியில் இறங்கியிருந்த கழிவுச் சேற்றை வாரி வரப்போரம் கொட்டினோம். நான்கே நாளில் மழைத் தண்ணீர் ஊறித் தெளிந்துவிட்டது.

மூன்று பேர் வந்தார்கள். அம்மா டீ கொடுத்தாள். கிணற்றை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் பாராட்டினார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. மனுவை முடித்துவைத்தார்கள். பங்குனியில் தண்ணீர் மறுபடி சிவந்தது. வேறு மனுப் போடலாம் என்றார் வக்கீல். அம்மா பாட்டிலைத் தேடவில்லை. வரப்போரம் புல் கருகிக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க வந்த அன்னிக்கு அந்தச் சேறு இங்கதானடி இருந்துச்சு?”

“ஆமாம்மா.”

அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் தென்னை ஓலை போட்டு மூடியது நான்தான்.