கைராசிக்காரியின் கட்டைவிரல்

கடையில் எல்லோரும் அவளைக் கைராசிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் முதலாளி, அதாவது அவளுடைய அத்தான். கணவன் செத்துப்போன வருடம், கைக்குழந்தையோடு அக்கா வீட்டு மாடிக்கு வந்தவளை அவர்தான் தன் சாப்பாட்டுக் கடையின் கல்லாவில் உட்காரவைத்தார். "உன் கைராசி, கூட்டம் அள்ளுது பாரு" என்றார். ஒன்பது வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை, நாற்காலியும் மாறவில்லை. நாற்காலியின் ஒரு கால் ஆட்டம் கண்டதால் அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருந்தாள்.

கெட்டிக்காரி. சமையல்கட்டிலிருந்து வரும் சீட்டுகளைக் குத்தூசியில் குத்திக்கொண்டே மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிடுவாள். வம்புக்கு வருகிறவர்களை ஒரே பார்வையில் அடக்குவாள். அத்தானிடம் மட்டும் அந்தப் பார்வை செல்லாது. தலைக்கு மேலே இருக்கிற கூரை அவருடையது ஆயிற்றே!

மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்ததும், அத்தான் சாவிக்கொத்திலிருந்து ஒரு கறுப்புப் பென்டிரைவைக் கழற்றுவார். அவர்கள் இருவருக்குள் அதற்குத் துடைப்பம் என்று பெயர். பில் மெஷினில் செருகினால் கட்டைவிரல் கேட்கும். அவள் வைப்பாள், பச்சை விளக்கு எரியும், அன்றைய விற்பனையில் பாதி காணாமல் போகும். மிச்சமுள்ள பில்கள் வரிசையில் நிற்கும் ஆட்கள் போல முன்னால் நகர்ந்து புது எண் வாங்கிக்கொள்ளும். வரி அதிகாரி வந்து பார்த்தால் ஓர் எண்கூட விட்டுப்போயிருக்காது. நல்ல காரியத்துக்கு யார் இத்தனை நேர்த்தி காட்டுகிறார்கள்?

ஏன் தன் விரல் என்று அவள் கேட்டதே இல்லை. ராசியான விரல் என்று அத்தான் சொன்னார், நம்பினாள். பாவம், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் காலை, கல்லாவுக்கு எதிரே ஒருவர் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். தலைகீழாகவே படித்தாள். விற்பனையை மறைக்கும் மென்பொருளை இனி விற்றாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம், இயக்கினாலும் சிறை என்று போட்டிருந்தது. கல்லாவை விட்டு எழுந்து பின்பக்கம் போனாள். துடைப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்த மெஷின்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, யாரு துடைச்சாங்கன்னு அதுல தெரியுமா?"

"தெரியாம என்ன? தேதியோட உள்ள பதிஞ்சிருக்கும். யாரு விரலோ அவங்கதான்."

"என் விரலை எடுத்துடுங்களேன்."

"பதிஞ்சது அழியாதும்மா. நான் இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன். இந்த நம்பருக்குக் கூப்பிடாதே."

ஆயிரம் ஆயிரமாகப் பில்லை அழிக்கத் தெரிந்த துடைப்பத்துக்கு, அவள் ஒருத்தியின் விரலை அழிக்கத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அத்தானிடம் மென்று விழுங்கிச் சொன்னாள். "சட்டம் வந்துடுச்சாம், அத்தான். விட்டுடலாம்."

"அதெல்லாம் பெரிய கடைங்களுக்கு. நம்மள யாரு தேடி வரப்போறா?"

"அப்போ நீங்களே விரலை வைங்களேன்."

சிரித்தார். "வேற விரல் ஏத்தணும்னா மெஷின்காரன் வரணும். அவன் போனையே எடுக்கல. அதுவரைக்கும் உன் கைராசிதான், வை."

வைத்தாள். அன்று இரவு மாடியில் விழித்தபடி கணக்குப் போட்டாள். காட்டிக்கொடுத்தால் அக்கா குடும்பம் தெருவுக்கு வரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கம்பி எண்ணப்போவது அவள். மகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்றாலும், ஒன்பது வருடத்து விரல் ரேகை இங்கேயேதான் கிடக்கும்.

மறுநாள் கட்டைவிரலில் பெரிய கட்டோடு வந்தாள். கத்தி பட்டுவிட்டது என்றாள். நான்கு நாள் துடைப்பம் சாவிக்கொத்திலேயே தொங்கியது. அத்தான் எரிந்து விழுந்தார், பிறகு பேச்சை நிறுத்தினார். அவளோ இடது கையால் சில்லறை எண்ணியபடி, வருகிறவர்களிடம் கேலி பேசினாள். அப்படி அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள், மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், கடைப்பக்கமே வராத அக்கா மருந்தோடு வந்து நின்றாள்.

"காட்டுடி" என்று சாமான் அறைக்குள் இழுத்துப்போய்க் கட்டைப் பிரித்தாள். காயமும் இல்லை, கீறலும் இல்லை. விரல் மட்டும் வெளுத்து, வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

அவள் உடைந்துபோனாள். "பயமா இருக்குக்கா. மாட்டினா நான்தான் உள்ள போவேன். என் புள்ளைக்கு யாரு இருக்கா?"

அக்கா கைக்குட்டையை எடுத்து அந்த விரலை மெதுவாக, நகக்கண் வரை, குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்தாள். அவளுக்கு அழுகை பொங்கியது. அக்கா இருக்கிறாள், இனிப் பயமில்லை என்று நினைத்தாள்.

"ஈரமா இருந்தா மெஷின் எடுக்காதாமே" என்றாள் அக்கா. "ஆறிடுச்சுன்னு சொல்லிடு. போ, உன் அத்தான் காத்துக்கிட்டிருக்காரு."

கல்லாவில் துடைப்பம் செருகியே இருந்தது. விரலை வைத்தாள். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது.

"பார்த்தியா, கைராசி" என்றார் அத்தான்.