கரையில் ஓர் ஆள்

முக்குளிக்கிற கூட்டத்தில் அவருக்கு ஆமை என்று பெயர். கிண்டல் பாதி, மரியாதை பாதி. அறுபது மீட்டர் ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வருகிறவனுக்கு ரத்தத்தில் குமிழி கட்டிக்கொள்ளும், ஆளே போய்விடலாம். ஆமை ஏறினால் கடிகாரமே கொட்டாவி விடும். அதனால்தான் ஐம்பத்து மூன்று வயதிலும் முழுசாக நடமாடுகிறார்.

தரையில் அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் உத்தியோகம். ஊரில் பாதிப் பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டு அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் கும்பிடுவார்கள். அடுத்த வாரம் கடைத்தெருவில் எதிரே வந்தால் யாரென்றே தெரியாது.

படகில் நான்கு மணி நேரம் போனால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. அதற்குள் இறங்க மூன்று வருஷமாகக் காத்திருந்தார். இந்த வருஷம் ஒருவழியாகப் படகில் இடம் கிடைத்தது. மூன்று வாரமாக வீட்டில் அதற்கான ஆயத்தம்தான். முக்குளிக்கும் உடுப்பு கட்டிலில் மல்லாந்து படுத்திருக்க, அவர் தரையில் படுத்தார். அந்தக் கட்டிலில் அவரைத் தவிர ஆள் மாதிரி ஏதோ ஒன்று படுத்ததே இப்போதுதான் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார். நமக்கெதற்கு வம்பு.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம், படகுத்துறையில் மூச்சுக்காற்று சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். படகுக்காரம்மா ஒரு தாளோடு வந்தார்.

"அண்ணே, ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு ஒரு நம்பர் கேட்டிருந்தேன்ல. எழுதியிருக்கீங்க, சரி. ஒரு தடவை அடிச்சுப் பாத்துடறேன்."

அடித்தார். ஆமையின் சட்டைப் பை அலறியது.

லிஃப்டுக்குள் ஒட்டியிருக்குமே, அவசர நம்பர், அதைத்தான் எழுதியிருந்தார். ஆபத்து என்றால் பதினெட்டு வருஷமாக அவர் எல்லோருக்கும் கொடுத்த நம்பர் அது ஒன்றுதான். கை தானாக எழுதிவிட்டது. அந்த போனை எடுக்கிறவரும் அவரேதான்.

படகுக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடலுக்கடியிலேர்ந்து நீங்களே எடுத்து, நான் போயிட்டேம்மான்னு சொல்வீங்களா?"

ஆமையும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தம்மா பேனாவை நீட்டினார். "வேற யாராவது?"

"யாரும்... வேணுமா?"

"கரையில ஒரு ஆளு இல்லாம நான் யாரையும் ஏத்தறதில்லண்ணே. அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா உங்க இடத்துக்கு வேற ஆள் இருக்கு."

பேனா கையிலேயே இருந்தது. லிஃப்ட் கம்பெனி மேலாளரா? கீழ்வீட்டுக்காரரா? விஷயம் தெரிந்தால் அந்த ஆள் முதலில் ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் அழுவார். மிச்சம் ஒருத்திதான். ஏழு வருஷமாகப் பேசாத அக்கா.

நாலே முக்காலுக்கு, சிலிண்டர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அடித்தார்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"உயிரோடதான் இருக்கியா?"

விஷயத்தைச் சொன்னார். லிஃப்ட் நம்பரை எழுதிய கூத்தையும் சொன்னார், சிரிப்பாள் என்று. சிரிக்கவில்லை.

"உங்க மாமாவை ஆபரேஷனுக்குக் கொண்டு போனப்ப பதினாலு தடவை அடிச்சேன். நீ தண்ணிக்குள்ள இருந்த. வெளிய வந்தும் ரெண்டு நாள் கழிச்சு ‘என்னக்கா விஷயம்’னு கேட்ட. அவரு போய்ச் சேந்து ஒரு நாள் ஆயிருந்துச்சு."

"ஆமாக்கா."

"இப்ப நான் உனக்காக போனைப் பாத்துக்கிட்டு உக்காரணும்."

"வேணாம்னா விடுக்கா. நான் போகல" என்றார். மூன்று வருஷ ஆசையைப் பொசுக்கென்று இப்படி விட்டுவிடுவோம் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

"எத்தனை மணிக்கு மேல வருவே?"

"நாளைக்குப் பதினொண்ணரை. எல்லாரும் ஏறுனதும் படகுலேர்ந்து ரேடியோவுல கரையில இருக்கற படகுக்காரம்மாவுக்குத் தகவல் சொல்லிடுவாங்க."

"என் நம்பரைக் கொடு. ஆனா நீ பேசாதே. அந்தம்மாவையே பேசச் சொல்லு." வைத்துவிட்டாள்.

படகுக்காரம்மா அந்த நம்பருக்கும் அடித்துப் பார்த்தார். ஒரு நிமிஷத்து வேலை. கால் மணி நேரம் பேசினார்கள். எப்படித்தான் இந்தப் பெண்களுக்கு முடிகிறதோ! நடுவில் லிஃப்ட் கதையை இந்தம்மாவும் ஒரு தடவை எடுத்து விட்டார்.

போனிலிருந்து அக்காவின் சிரிப்பு கசிந்து வந்தது. அதே பழைய சிரிப்பு, முடிவில் இருமலோடு. ஆமை கையிலிருந்த சிலிண்டரை மெல்லக் கீழே வைத்தார், சத்தம் வராமல்.