காலியான தண்ணீர்க் கிண்ணம்

பதினெட்டு ஆண்டுகளாக நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்குப் பணிமனையில் வைத்திருக்கும் பெயர் ஹாரன். எவனாவது குறுக்கே வந்தால் கை ஹாரனுக்குப் போவதற்குள் வாய் திறந்துவிடும். "உங்க வண்டிக்கு ஹாரன் எதுக்குக்கா, கழட்டி வேற வண்டிக்கு மாட்டிடவா?" என்று மெக்கானிக் சீண்டுவார். "மொதல்ல பிரேக்கைச் சரி பண்ணு, அப்புறம் என் வாய்க்கு வா" என்பாள்.

அந்தக் குரல் இறங்கிப்போவது ஒரே ஒரு ஜீவனிடம்தான். மேஸ்திரி என்ற ஆண் பூனை. வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர். போன வருடம் மேஸ்திரிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. "தண்ணி மட்டும் எப்பவும் பக்கத்துலயே இருக்கணும்" என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் வேலைக்குக் கிளம்புமுன் ஹாரன் அகலமான பீங்கான் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி வைப்பாள். மாலையில் திரும்பும்போது கிண்ணம் காலியாக இருக்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு குளிரும்.

இந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரி சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை. கூடையில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் ஓடினாள். அவர் பூனையின் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் கீழே இறங்காமல் கூடாரம் போல அப்படியே நின்றது.

"உடம்புல தண்ணியே இல்லம்மா. வீட்ல தண்ணி வைக்கிறீங்களா, இல்லையா?"

"என்ன டாக்டர் இப்படிக் கேக்குறீங்க? தினம் ஒரு கிண்ணம் காலியாகுது!"

"காலியாகுது, சரி. அது குடிக்கிறதைக் கண்ணால பாத்தீங்களா?"

மாலையில் தான் நிரப்பும்போதெல்லாம் மேஸ்திரி தலையைத் தூக்காமல் குடிப்பது ஹாரனுக்கு ஞாபகம் வந்தது. வியாதிக்காரத் தாகம் என்றுதான் நினைத்திருந்தாள். பகல் முழுக்கக் குடித்த பூனை அப்படியா குடிக்கும்?

பகலில் வீட்டில் இருப்பது தங்கை. முன்னறையில் துணி தைத்துக் கொடுக்கிறவள். ஹாரன் உள்ளே நுழைந்தபோது ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி எங்கக்கா?"

"முன்னங்கால்ல ட்ரிப் ஏத்திப் படுக்க வச்சிருக்காங்க. பகல்ல அது தண்ணி குடிக்குதா?"

தையல் மெஷின் மிதியில் இருந்த தங்கையின் கால் நின்றது. அது போதாதா?

"கிண்ணத்துத் தண்ணியை எங்கடி ஊத்துன?"

"சிங்க்ல."

அதற்குப் பிறகு ஹாரன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "மனுஷியாடி நீ? வாயில்லாத ஜீவன்கிட்டயா உன் வேலையைக் காட்டுவ?"

"கத்தாத! நீ காலையில கிளம்பிப் போயிடுற. இங்க கிடந்து மாரடிக்கிறது நான். கஸ்டமர் கோட்டு மேல ரெண்டு வாட்டி மூத்திரம் போயிட்டான் உன் மேஸ்திரி. அவன் போற மண் தட்டு ஊறி வழியுது. குடிக்கிறதாலதானே போறான், நீ வர்ற வரைக்கும் நிறுத்திப் பாப்போம்னு நெனச்சேன்."

"சர்க்கரைடி அது! நீ குடுத்தாலும் போகும், குடுக்காட்டியும் போகும். குடுக்கலைன்னா உள்ள இருக்கிறதும் போயிடும்!"

"எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர்கிட்ட ஒரு நாளாவது என்னைக் கூட்டிட்டுப் போனியா?" தங்கை கோட்டைத் தூக்கி மேசையில் எறிந்தாள். "நீ என்ன பண்றேன்னு பாரு. ரூட்ல பாத்ரூம் இல்லைன்னு ஒரு வாய் தண்ணி குடிக்காம நாள் பூரா வண்டி ஓட்டுற. போன மாசம் தலை சுத்தி ஸ்டியரிங் மேல சாஞ்ச. போக எடமில்லைன்னா குடிக்கக் கூடாது. அதை உன்னைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

பணிமனையில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறையில் பழைய டயர்களை அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். மேலாளரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் ஹாரன்.

"நான் காஞ்சா அது என் தலையெழுத்து. அதுக்கு வாய் இருக்காடி, தண்ணி குடுன்னு கேக்க?"

"இவ்வளவு வாய் இருந்து நீ மட்டும் என்னத்த வாங்கிட்ட?"

தங்கையை அறையக் கை எழுந்தது. எழுந்த கையால் சிங்க்கில் கவிழ்த்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துக் கூடையில் போட்டாள். "கிளம்பு. அந்த டாக்டர் சொல்றதை நீயும் நின்னு கேளு."

மருத்துவமனையில் மேஸ்திரி கண்ணைத் திறந்து பார்த்தது, எழவில்லை. மருத்துவர் தங்கைக்கு முதலிலிருந்து சொன்னார். கிண்ணம் ஒன்று போதாது, அறைக்கு ஒன்று வேண்டும். மண் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சாப்பாட்டிலும் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுக்க வேண்டும். மண்ணை அடிக்கடி மாற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் தண்ணீரை நிறுத்தக் கூடாது.

"அப்ப என் துணி?" என்றாள் தங்கை.

"துணியைத் தூக்கி அலமாரியில வைங்கம்மா. அதைவிடச் சுலபமான வைத்தியம் என்கிட்ட இல்ல."

"இதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள் ஹாரன்.

"நீ எங்க சொன்ன? கத்துன."

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வந்ததும் தங்கை தரையில் கிடந்த துணிகளை அலமாரியில் ஏற்றினாள். ஹாரன் உதவவில்லை, கோபம் இன்னும் இறங்கவில்லை.

மேஸ்திரிக்கு இன்னும் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகம் தாங்கியிருக்கிறதா என்ற பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை காலை வருகிறது. ஹாரனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. முடிவை வாங்கப் போவது தங்கைதான்.